முடிந்ததா, தொடர்கிறதா?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவ் லெட்டர் வாக்கியம். காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான், அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதற்கும் அதுதான். மூன்று நாள் படுத்திருந்து, உடம்பு தேறி, வகுப்பு வாசலில் வந்து நின்று நீட்டும் கடிதத்திலும் அதே 'ஆம் சஃபரிங்'. பிள்ளை நலமாக எதிரே நிற்கிறது. கடிதத்தில் காய்ச்சல் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

இதைப் பிள்ளையின் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அந்த வாக்கியம் பரீட்சை விடையாகக் கற்றுத்தரப்பட்டது, கடிதமாகக் கற்றுத்தரப்படவில்லை. கடிதத்துக்கு உயிரான சங்கதிகள் இரண்டு: எந்த நாளில் எழுதுகிறோம், யார் படிக்கப்போகிறார். விடைத்தாளில் இரண்டுமே இல்லை. ஆங்கிலத்தில் டென்ஸ் என்று சொல்லப்படுவது இந்த இரண்டையும் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் டென்ஸ் அட்டவணையை நினைத்துப் பார்க்கலாம். மூன்று காலம், காலத்துக்கு நான்கு வகை, மொத்தம் 12 கட்டங்கள். பெரும்பாலும் உதாரணமும் ஒன்றுதான்: ஐ ரைட் எ லெட்டர், ஐ ஆம் ரைட்டிங் எ லெட்டர், ஐ ஹேவ் ரிட்டன் எ லெட்டர். பன்னிரண்டு கட்டத்திலும் கடிதம் எழுதப்படுகிறது. யாருக்கு, என்றைக்கு, எதற்கு என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. அட்டவணையை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர், சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்ததும் திணறுவது இதனால்தான். அவருக்கு வடிவங்கள் தெரியும். எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதைத்தான் யாரும் காட்டவில்லை.

காட்டுவதற்கு நல்ல கடிதம் ஒன்று சென்னையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1912 பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணியில் குடியிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். ஒரு சிறு பத்திதான். எழுதியவர் சீனிவாச ராமானுஜன். அதில் வினைச்சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையை அவரே வகைபிரித்து வைத்திருப்பது தெரியும். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்லும் இடத்தில் 'ஹேவ் பாஸ்டு'. மேற்படிப்பு நின்றுபோனதைச் சொல்லும் இடத்தில் 'வாஸ் பிரிவென்டட்'. நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்துவருவதைச் சொல்லும் இடத்தில் 'ஹேவ் பீன் டிவோட்டிங்'.

மெட்ரிகுலேஷன் என்றோ தேறியதுதான். ஆனாலும் அந்தத் தேர்ச்சி இன்றைக்கும் கையில் இருக்கிறது, வேலைக்குத் தகுதியாக இப்போது செல்லுபடியாகிறது. அதனால் அங்கே பிரசன்ட் பெர்ஃபெக்ட். படிப்பு நின்ற கதை வேறு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணிதம் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாததால் வந்த வினை அது. அந்த அத்தியாயத்தை யாரையும் பழிக்காமல், ஒரே ஒரு இறந்தகால வினையால் அவர் மூடிவிடுகிறார். மூடிய கையோடு, மூடாத ஒன்றைத் திறந்து காட்டுகிறார்: கணிதம் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய் சம்பளம், மார்ச் 1ஆம் தேதி சேர்ந்தார்.

மறு ஆண்டு, 1913 ஜனவரி 16ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதன் தொடக்கத்திலும் இதே பகுப்பு. பல்கலைக்கழகக் கல்வி பெற்றதில்லை என்பதற்கு பெர்ஃபெக்ட்; ஓய்வு நேரத்தைக் கணிதத்தில் செலவிட்டு வருவதற்கு பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்; தனக்கென ஒரு புதுப்பாதை வெட்டிக்கொண்டிருப்பதற்கு பிரசன்ட் கன்டினியுவஸ். இங்கே ஒரு சின்ன விஷயம். பள்ளியை விட்ட பிறகு என்று சொல்ல வந்த இடத்தில் அவர் 'ஆஃப்டர்' போட்டிருக்கிறார். இலக்கண வாத்தியார் 'சின்ஸ்' கேட்டிருப்பார். தமிழில் இரண்டுக்கும் 'பிறகு' போதும். ஹார்டிக்கு அது தடையாக இருக்கவில்லை. எது முடிந்தது, எது நடந்துகொண்டிருக்கிறது என்பதில் எழுதியவருக்குக் குழப்பம் இல்லை. அதனால் படித்தவருக்கும் இல்லை.

ஹார்டியின் பதில் கிடைத்ததும் பிப்ரவரி 27ஆம் தேதி ராமானுஜன் மறுகடிதம் போட்டார். தன் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் நண்பர் ஒருவரை உங்களிடம் கண்டுகொண்டேன் என்ற கருத்தை அதில் சொல்கிறார். அந்த வினை 'ஹேவ் ஃபவுண்ட்'. ஒரே ஒரு பதில்தான் வந்திருந்தது, அதற்குள் அந்த நட்பு அவருக்கு இன்றைக்கும் இருக்கிற உடைமையாகிவிட்டது. 'ஃபவுண்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இந்த நெருக்கம் சேர்ந்திருக்காது.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த இடம் ஏன் வழுக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதை மூளைக் குறை என்று எண்ணி மனம் உடைகிறார்கள். குறை ஏதும் இல்லை. தமிழ் வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறது. 'நேற்றிலிருந்து காய்ச்சல் அடிக்கிறது', 'பத்து வருஷமா இந்த வீட்டில்தான் இருக்கோம்' என்று நிகழ்காலத்திலேயே நாம் முடித்துக்கொள்கிறோம். அதே மனக்கணக்கில் ஆங்கிலம் பேசினால் 'வீ ஆர் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்றுதான் வரும். 'போன திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறேன்' என்பதும் பழுதில்லாத தமிழ். ஆங்கிலத்தில் 'ஹேவ் கிவன்' வந்தால் 'லாஸ்ட் மன்டே' உடன் வர முடியாது. நாளைக் குறித்துவிட்டால் வினை இறந்தகாலத்துக்குப் போய்விட வேண்டும். கிளம்பாமலே 'இதோ வந்துட்டேன்' என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறோம். விரைவும் உறுதியும் காட்ட இப்படிக் காலம் மாற்றிச் சொல்லலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது.

சில இடங்களில் இரு மொழிகளும் ஒன்றாகவே நடக்கின்றன. 'அந்தக் காலத்தில் தாத்தா விடியுமுன்னே எழுந்து வயலுக்குப் போவார்.' எப்போதோ நடந்ததை எதிர்கால வினையில் சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆங்கிலமும் இதற்கு 'வில்'லின் இறந்தகால வடிவமான 'வுட்'டைத்தான் எடுக்கிறது: 'கிராண்ட்ஃபாதர் வுட் கோ'. தாத்தாவைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறவருக்கு இந்தப் பயன்பாடு தானாகப் படிந்துவிடும். அட்டவணையின் பன்னிரண்டு கட்டங்களில் இதற்கு இடமே கிடையாது.

இனி, ஆங்கிலம் கொஞ்சம் கண்டிப்பாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு வரலாம். காலமான தந்தையைப் பற்றி, 'அப்பா எனக்கு எவ்வளவோ சொல்லித்தந்திருக்கிறார்' என்று தமிழில் தயங்காமல் சொல்கிறோம். 'மை ஃபாதர் ஹேஸ் டாட் மீ' என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் அப்பா உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்வார். 'டாட்' என்றுதான் எழுத வேண்டும். ஒருவர் போய்விட்ட பிறகு, அவர் செய்தவை பொதுவாக சிம்பிள் பாஸ்டுக்குள் போய்விடுகின்றன. இரங்கல் கடிதத்துக்கு நன்றி சொல்லி ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டியவர்கள் பேனாவை எடுத்து நிற்கும் இடம் இது. 'ஹி இஸ் எ கைண்ட் மேன்' என்று எழுதிவிட்டு, 'இஸ்' அடித்து 'வாஸ்' ஆக்க நேரும்போது கை கனக்கும். அந்தக் கனத்தை வகுப்பில் சொல்லித்தர முடியாது. கடிதம் சொல்லித்தரும்.

இந்த விதியிலும் ஒரு நெகிழ்வு இருக்கிறது. 'ராமானுஜன் லிவ்ட் இன் கும்பகோணம்' என்பதில் மாற்றம் செய்ய வழியில்லை. 'ராமானுஜன் ஹேஸ் இன்ஸ்பயர்ட் மெனி' என்று எழுதலாம். ஆள் இல்லை, அவர் மூட்டிய ஊக்கம் இருக்கிறது. 1920 ஜனவரி 12ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து நோயோடு நாடு திரும்பியிருந்த அவர், ஹார்டிக்குத் தம் கடைசிக் கடிதத்தை எழுதினார். அண்மையில் கண்டறிந்த சில சார்புகளை 'மாக் தீட்டா' என்று பெயரிட்டு, எடுத்துக்காட்டுகளை அனுப்புவதாக அதில் சொன்னார். கண்டறிந்தது 'டிஸ்கவர்ட்', அனுப்புவது 'ஆம் சென்டிங்'. ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயதில், சென்னையில் இறந்தார். அந்தச் சார்புகள் உண்மையில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்குத் தெளிவான விளக்கம் 2002இல் சான்டர் ஸ்வேகர்ஸ் என்ற டச்சுக் கணித அறிஞரின் முனைவர் பட்ட ஆய்வில்தான் வந்தது. இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் ஒரே பத்திக்குள் இரண்டு விதமான வினையும் வேண்டும்: அவர் எழுதினார் என்பது அந்த ஆண்டோடு முடிகிறது, அந்தக் கடிதம் கணித அறிஞர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது முடியவில்லை.

கடிதத்தில் 'இப்போது' என்பதே ஒன்றல்ல, இரண்டு. எழுதும்போது ஒன்று, படிக்கும்போது ஒன்று. ரோமானியர்கள் இதை மிகவும் பொருட்படுத்தினார்கள். சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதும்போது, 'எழுதுகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பல நேரம் 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்ற பொருள் தரும் இறந்தகால வடிவத்தைப் போடுவார். ஆள் கொண்டுபோய்ச் சேர்த்து, நண்பர் பிரிக்கும் நாளில் எழுதியது பழங்கதையாகியிருக்கும் அல்லவா. லத்தீன் கடித வழக்கு படிப்பவரின் நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட்டது. ஆங்கிலம் அப்படிச் செய்வதில்லை, எழுதுபவரின் நாளிலேயே நிற்கிறது. நம் பழைய கடிதங்களும் அப்படித்தான்; வணக்கமும் ஆசியும் முடிந்ததும் 'இப்பவும்' என்று தொடங்கி, எழுதுகிறவரின் இன்றைய நாளில் காலை ஊன்றிக்கொண்ட பிறகே சேதிக்குப் போகும். அந்த ஊன்றல்தான் ஆங்கிலம் பழகுகிறவருக்கு முதலில் வேண்டியது. தாளின் வலது மேல்மூலையில் தேதி போடுவதைச் சடங்காக நினைக்கக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு வினையும் அந்தத் தேதியைத் திரும்பிப் பார்த்துத்தான் தன் வடிவத்தை எடுக்கிறது.

ஆகவே பயிற்சிக்கு உண்மையான காரணமுள்ள கடிதமே நல்லது. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'தி ஸ்ட்ரீட் லைட் ஹேஸ் நாட் பீன் ஒர்க்கிங் ஃபார் டென் டேஸ்.' இன்றும் எரியவில்லை, அதனால் இந்த வடிவம். 'வீ கம்ப்ளெய்ன்ட் ஆன் தி தேர்ட்.' நாள் தெரியும், அதனால் சிம்பிள் பாஸ்ட். 'நோ ஒன் ஹேஸ் கம் ஸோ ஃபார்.' யாராவது வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் திறந்திருக்கிறது. மூன்று வரியில் மூன்று வடிவம். மூன்றும் தெருவில் உள்ள நிலைமையிலிருந்து வந்தவை. எழுதி முடிக்கும்வரை அட்டவணையைப் பார்க்காமல் இருப்பது நல்லது. பிறகு வினைகளுக்கு அடியில் கோடு போட்டு, இது முடிந்ததா, எந்த நாள் என்று சொல்கிறேனா, இன்னும் நடக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அதே கடிதத்தை அன்றைய தேதி போட்டு மறுபடி எழுதுவதுதான் இதில் மிகவும் பலன் தரும் பகுதி. விளக்கு எரியத் தொடங்கியிருந்தால் எல்லா வினையும் இடம்பெயரும். 'டிட் நாட் ஒர்க் ஃபார் டென் டேஸ்', 'நோ ஒன் கேம் அன்டில் தி தர்ட்டீன்த்' என்று கதவுகள் மூடிக்கொள்ளும். ஆள் வருவதற்கு முன்பே புகார் கொடுத்துவிட்டதைச் சொல்ல, இதுவரை பயமுறுத்திக்கொண்டிருந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட் கூப்பிடாமல் வந்து நிற்கும்: 'வீ ஹேட் ஆல்ரெடி கம்ப்ளெய்ன்ட்'. வீட்டுக் கடிதங்களையும் இப்படித் திருப்பி எழுதிப் பார்க்கலாம். போன மாதம் 'ஹேவ் அப்ளைட்' என்று இருந்த வேலை, இந்த மாதம் 'அப்ளைட்' ஆகியிருக்கும். சில வரிகள் நகராமல் அப்படியே நிற்கும். சொத்துப் பிரிவினைக்குப் பிறகு அண்ணனோடு பேசவில்லை என்ற வரி, ஆறு மாதம் கழித்து எழுதினாலும் 'ஹேவ் நாட் ஸ்போக்கன்'தான். இலக்கணம் அதில் பிழை சொல்லாது. ஆனால் அந்த வரியை நான்காவது முறை அப்படியே எழுதுகிறவர், டென்ஸைத் தாண்டி வேறொன்றையும் யோசிக்கத்தான் செய்வார்.

திருத்துகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. பயிற்சிக் கடிதத்தில் சிவப்பு மையால் ஒரு வடிவத்தை அடித்து இன்னொன்றை எழுதிக் கொடுத்தால், மாணவர் அடுத்த கடிதத்திலும் ஊகித்துத்தான் எழுதுவார். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுப்பது மேல். 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் எய்ட் இயர்ஸ்' என்று ஒருவர் எழுதியிருந்தால், 'இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்களா?' என்று கேட்கலாம். ஆமாம் என்றால் 'ஹேவ் ஒர்க்ட்' என்று அவரே மாற்றிக்கொள்வார். விட்டுவிட்டேன் என்றால் எழுதியது சரி, எதையும் தொட வேண்டாம்.