வாய் அங்கே, உடம்பு இங்கே

ஒரு நாட்டின் பெயரால் பேசுவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது? அதில் குடியிருப்பவனுக்கா, அதை விட்டுப் போனபிறகும் நினைத்து உருகுகிறவனுக்கா? கருணாபுரம் மாதிரி ஒரு இடத்திலிருந்து இதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். 'கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டாதவனுக்கு வெளியுறவுக் கொள்கை என்னாத்துக்கு?' என்பார்கள். வெளியுறவு, ராணுவம், அணு ஒப்பந்தம் எல்லாம் படித்த மேல்சாதிக்காரர்களின் பாடம். கூலி, சாராயச் சாவு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் நம்ம பாடம். இப்படி யாரோ பாடத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊரும் சேரியும் பிரிந்த மாதிரியே இதுவும் பிரிந்திருக்கிறது. அதனாலேயே இதைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். இரண்டு ஊருக்கு நடுவில் தகராறு. ஏரித் தண்ணீராக இருக்கலாம், சாமி ஊர்வலம் போகிற பாதையாக இருக்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கிறவன் போன் போடுகிறான்: 'விடாதீங்கடா, எவ்ளோ செலவானாலும் நான் அனுப்புறேன்.' அவனுடைய ஊர்ப்பாசம் பொய்யில்லை. ஆனால் விடிந்தால் ஊரில் இருக்கிறவன் அந்த எதிர் ஊர் வழியாகத்தான் கரும்பு வெட்டப் போகணும். அவன் பிள்ளை அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகணும். வெட்டு விழுந்தால் இவன்மேல் விழும். கேஸ் போட்டால் இவன்மேல் போடுவார்கள். போன் போட்டவன் அடுத்த திருவிழாவுக்கு வந்து மாலை மரியாதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவான்.

நாடுகளுக்கு நடுவிலும் இதேதான் நடக்கிறது. பெனடிக்ட் ஆண்டர்சன் 1992இல் இதைத் தொலைதூரத் தேசியம் என்று அழைத்தார். வேறொரு நாட்டில் பத்திரமாகக் குடியேறியவர்கள் சொந்த நாட்டு அரசியலில் பணமும் குரலும் செலுத்துகிறார்கள். அதன் விளைவுக்கு அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கவலை. இந்தக் கவலையை நாம் சாதியோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

1993இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்கு ஆதரவான உறுப்பினர்களின் குழு ஒன்று உருவானது. 1999இல் கார்கில் சண்டை நடந்தபோது அமெரிக்காவாழ் இந்தியர்களின் கடிதங்களும் மின்னஞ்சல்களும் அந்த உறுப்பினர்களின் மேசைகளில் குவிந்தன. ஜூலை 4 அன்று கிளிண்டன் நவாஸ் ஷெரீபை வாஷிங்டனில் சந்தித்து, படைகளைப் பின்வாங்கச் சொன்னார். 2002இல் யூசின்பேக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இஸ்ரேலுக்காக அமெரிக்காவில் லாபி செய்கிற அய்பேக்கைத்தான் அவர்கள் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். 2006 டிசம்பரில் ஹைட் சட்டம், 2008 அக்டோபரில் அணு ஒப்பந்தம். இரண்டுக்கும் அமெரிக்காவாழ் இந்தியப் பணக்காரர்களும் மருத்துவர்களும் தொழிலதிபர்களும் கதவு கதவாகத் தட்டினார்கள். அதே சலுகையைப் பாகிஸ்தான் கேட்டபோது கிடைக்கவில்லை.

லாபிதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது என்று நான் சொல்லவில்லை. வல்லரசு தன் லாபத்தைப் பார்த்துத்தான் நகரும். ஆனால் கதவைத் திறந்து வைப்பது, 'இந்தியா என்ன விரும்புகிறது' என்று எடுத்துச் சொல்வது இந்தக் குரல்கள்தான். எதிர்ப்பக்கமும் யோக்கியமில்லை. காஷ்மீரிகளின் பெயரால் வாஷிங்டனில் பல வருசம் பேசிவந்த குலாம் நபி ஃபாய் 2011இல் கைது செய்யப்பட்டார். பாகிஸ்தான் உளவுத்துறையின் பணத்தை வாங்கி அதை மறைத்ததை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஸ்ரீநகரில் குண்டடிபட்டவனுக்கு இது பற்றி என்ன தெரிந்திருக்கும்?

'இந்தியா விரும்புகிறது' என்று சொல்லும் இந்த இந்தியா யார்? 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, படித்த தொழில்வல்லுநர்களுக்குக் கதவைத் திறந்தது. அன்றைக்கு நம்ம நாட்டில் என்ஜினியரிங், டாக்டர் பட்டம் யார் கையில் இருந்தது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அமெரிக்காவாழ் இந்தியர்களில் தலித்துகளும் கீழ்ச்சாதிகளும் ஒன்றரை விழுக்காடுதான் என்றது. அதாவது அக்கிரகாரமும் ஊர்த்தெருவும் கப்பலேறிப் போய்விட்டன. சேரி இங்கேயே நிற்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தங்களை மொத்த இந்தியா என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள்.

செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்க்கலாம். கார்கிலில் இந்தியத் தரப்பில் செத்த சிப்பாய்கள் 527 பேர். பட்டாளத்துக்குப் போகிற வீடு எது, நியூஜெர்சிக்குப் போகிற வீடு எது என்று நமக்குத் தெரியும். ஜம்மு எல்லையோரத்தில் 1947இல் சியால்கோட் பக்கமிருந்து ஓடிவந்த அகதிகள் குடியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பீரங்கிச் சத்தத்துக்கு நடுவில் வாழ்ந்தும், 2019 வரை அந்த மாநிலத்தில் சட்டமன்ற ஓட்டும் நிலமும் அரசு வேலையும் அவர்களுக்கு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம்? பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல் ஒரு தலித். அங்கே தன் மக்களுக்குப் பாதுகாப்பில்லை என்று 1950இல் பதவியை உதறிவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். சிந்து மாகாணத்தில் மேக்வார், கோலி, பீல் மக்கள் இன்றைக்கும் பண்ணையார்களிடம் கொத்தடிமையாகக் கிடக்கிறார்கள். சிறுவயதில் குடும்பத்தோடு பண்ணையார் சிறையில் அடைபட்டிருந்த கிருஷ்ணகுமாரி கோலி 2018இல் அந்த நாட்டு செனட்டுக்குப் போனார். எதிரிநாடு என்று நமக்குக் காட்டப்படுகிற இடத்தில் நம்ம சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

வெளியுறவுக் கொள்கையை வயிற்றோடு சேர்த்துப் பார்த்தவர் அம்பேத்கர். 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது அவர் சொன்ன காரணங்களில் இந்து சட்டத் தொகுப்பை மட்டும்தான் நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். அதே உரையில் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வருசத்துக்கு 350 கோடி வருமானம், அதில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது. இது நம்முடைய வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு என்றார். பாதிக்கு மேல் துப்பாக்கிக்குப் போனால் மிச்சத்தில் பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

குரலே இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு 1964ஐ நினைத்துப் பார்க்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நம்ம சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரத்து ஆட்கள். பெரும்பான்மையோர் தலித்துகள். 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் அதையும் பாதிப்பாதியாக வகுத்தார்கள். இரண்டு அரசுகளும் நட்பாகின. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டுமந்தை பங்கு பிரிக்கும்போதுகூட 'எந்த ஆடு எவனுது' என்று பார்ப்பார்கள்.

ஈழத்துப் புலம்பெயர்ந்தோரை இவர்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர்கள் 1983க்குப் பிறகு உயிருக்குத் தப்பி ஓடியவர்கள். ஜெனிவாவில் அவர்கள் கேட்டது 2009இன் கொலைகளுக்கு விசாரணை. இந்தியாவும் 2012லும் 2013லும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டு, 2014இல் ஒதுங்கிக்கொண்டது. இருந்தாலும் ஒரு கேள்வியை அங்கேயும் கேட்கத்தான் வேண்டும். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகக் காசு இருந்தவர்கள் யார், காசில்லாமல் வன்னியில் நின்றவர்கள் யார்? யாழ்ப்பாணத்துத் தலித்துகளின் துயரம் அந்த மகஜர்களில் எத்தனை வரி பெற்றது?

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 'நீங்க மட்டும் வெளிநாட்டுக்குப் போய் முறையிடலையா? அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் 1930இல் லண்டன் வட்டமேசைக்குப் போனாங்களே. 2001இல் டர்பனுக்குப் போனீங்களே. சியாட்டில்ல சட்டம் கொண்டுவந்தீங்களே.' ஆமாம், போனோம். இன்னும் போவோம். ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் கிடைக்காதவன் வெளிப் பஞ்சாயத்துக்குத்தான் போவான். வெளியே போய்ப் பேசுவதே தப்பு என்றால் சேரிக்கு வாயே இருக்காது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், கேட்கப்படுகிற பொருளில் இருக்கிறது. டர்பனில் நாம் கேட்டது நம்ம முதுகிலிருந்து ஒரு சுமையை இறக்கச் சொல்லி. இன்னொருத்தன் முதுகில் ஏற்றச் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்தச் சட்டத்தைக் கேட்டவர்கள் அந்த ஊரிலேயே வேலை பார்க்கிறவர்கள். அதனால் வரும் பகை அவர்கள் ஆபீசிலேயே அவர்களுக்குக் காத்திருக்கிறது. அணு ஒப்பந்தத்துக்கும் ஆயுதத்துக்கும் கதவு தட்டியவர்கள் வீட்டில் ஒரு ஓடுகூட உடையப்போவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கணும். டர்பனில் இந்திய அரசு சாதியை உள்நாட்டு விவகாரம் என்றது, அய்.நா. பேசக் கூடாது என்றது. பாகிஸ்தான்மேல் நடவடிக்கை எடு என்று அந்நிய நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டும்போது மட்டும் உள்நாடு, வெளிநாடு என்ற எல்லை மறந்துபோகிறது. கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. இந்து அமெரிக்க அமைப்புகள் அதை எதிர்த்து லாபி செய்தன. 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை ரத்து செய்தார்.

பாசத்துக்கு இன்னொரு சோதனையும் 2025இல் வந்தது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மேல் வரியை 50 விழுக்காடாக ஏற்றியது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனிகளில், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் யார், தோல் ஊறும் தொட்டியில் நிற்பவர்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கார்கிலுக்காக மேசை மேசையாகக் குவிந்த கடிதங்கள் இப்போது வரவில்லை. அமெரிக்காவாழ் இந்தியர்கள் வாய் திறக்கவில்லை என்று நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழுத் தலைவர் சசி தரூரே குறைப்பட்டுக்கொண்டார்.

ஆகவே தூரத்துக் குரலை எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். நீ கேட்பது நடந்துவிட்டால் யார் உடம்பில் விழும்? அந்த உடம்புக்காரர்களை நீ கேட்டாயா? இதற்குப் பதில் இல்லாத தேசபக்தி, அடுத்தவன் கணக்கில் குடிக்கிற குடி.

இந்தக் கேள்விகள் நமக்கும் சேர்த்துத்தான். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வாஷிங்டனில் பேசப்படுகிற இந்தியாவில் இந்தச் சாவு இல்லை. அதை ஜெனிவாவிலோ நியூயார்க்கிலோ பேசப்போகிற தலித் தோழர்கள் நாளைக்கு வரலாம், வரணும். தாலியறுத்த பெண்களிடம் படம் எடுத்துக்கொண்டு போவதோடு அது நின்றுவிடக் கூடாது. என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முதலில் அவர்களிடம் கேட்கணும். பேசினபிறகு, யாரிடம் என்ன பேசினோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று திரும்பி வந்து அதே தெருவில் உட்கார்ந்து சொல்லணும். திட்டினால் வாங்கிக்கணும். நம்ம பெயரைச் சொல்லி வெளியே போகிற எல்லோரிடமும், நம்மாளாக இருந்தாலும், இதைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை இப்பவே தொடங்க வேண்டும்.