துணிவு என்னும் சொல்

“உனக்கு எவ்வளவு துணிவு!”

நண்பனுக்கு நான் அளித்த தண்டனை நியாயமற்றதென வகுப்பில் எழுந்து கூறிய மாணவனை நோக்கி என் வாயினின்று வெளிவந்த சொற்கள் இவை. அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்குகின்றவனிடம் துணிவைக் கண்டேன். கண்டதைப் பாராட்டாது வசையாக்கினேன். இம்முரண்பாடு என்னைச் சிந்திக்க வைத்தது.

துணிதல் என்பதற்கு வெட்டுண்ணுதல் என்பது ஒரு பொருள். ஐயத்தை அறுத்துத் தெளிதலும், முடிவு செய்தலும் அதன் பிற பொருள்கள். ‘என்பது எமது துணிபு’ என அறிஞர் எழுதுமிடத்து வீரம் பேசப்படவில்லை; ஆராய்ந்து கண்ட முடிவே சுட்டப்படுகின்றது. வள்ளுவரும் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்திலே சிந்தனையைத் துணிவுக்கு முன்னர் வைக்கின்றார். ‘அறிவுடைமை’யிலோ, அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் செயலாகக் கொள்கின்றார். ஆகவே அச்சமின்மை வேறு, துணிவு வேறு. அச்சத்தின் நடுவிலும் எண்ணி எடுக்கும் முடிவே துணிவாகும்.

அங்ஙனமாயின் அச்சொல் வசையாவது எவ்வாறு? சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. சமூக உறவுகளும் தீர்மானிக்கின்றன. மேலிருப்பவன் செய்தால் வீரம் எனப்படுவது, கீழிருப்பவன் செய்தால் திமிர் எனப்படுகின்றது. சாதியின் பேரால் பொதுவிடங்களில் அனுமதி மறுப்பதை இலங்கையில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் கோயிற் கதவுகளும் தேநீர்க்கடைகளும் தாமாகத் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டோரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உரிமை கோரி நின்றோரும் அச்சமறியாதவரல்லர். அடியும் இழப்பும் நேருமென அறிந்தே முடிவுசெய்தவர்கள். பழைய வழக்கத்தைக் காக்க முனைந்தோருக்கு அது வரம்புமீறல். வரலாற்றுக்கோ அதுவே துணிவு.

எனினும் துணிந்து செய்வதெல்லாம் நன்றாகுமா? அதிகாரத்தைப் பின்னால் நிறுத்திக்கொண்டு எளியவனை அடிப்பவனும் தன்னைத் துணிந்தவன் என்பான். அவன் இழப்பதற்கு எதனையும் முன்வைத்தவனல்லன்; நியாயத்தை எண்ணிப் பார்த்தவனுமல்லன். அவனது செயலுக்கு அச்சொல் பொருந்தாது. பிரம்பைக் கையிற் கொண்டு வகுப்பின் முன் நிற்கும் ஆசிரியனுக்கும் இது பொருந்தும்.

அடுத்த நாள் தண்டனையை நீக்கினேன். என் பிழையை மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது எளிதாயிருக்கவில்லை, குரல் தடுமாறியது. “உனக்கு எவ்வளவு துணிவு” என்று மாணவனைப் பார்த்து நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும், அவன் எதனை எண்ணித் துணிந்தான் என்பதையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்கேள்வியைக் கேளாத வகுப்பறையிலே அடக்கம் வளரலாம், அறிவு வளராது.