நெற்றியைக் காட்டியவர்

2021 பிப்ரவரி 8ஆம் தேதி தமிழகக் கல்லூரிகள் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் மீண்டும் திறந்தன. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி, காவிரிப் பாலம் கடந்து, திருச்சியில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு வந்தால் வாசலில் முதலில் எதிர்ப்படுவது நீட்டிய ஒரு கை. அதில் துப்பாக்கி போல ஒரு வெப்பமானி. 99 டிகிரியைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். மாணவி, பேராசிரியர், துப்புரவுப் பணியாளர் எல்லாருக்கும் ஒரே எண். அந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் விடியற்காலையில் எனக்கு உடம்பு கதகதவென்றிருந்தது, தொண்டையும் கரகரத்தது. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற துப்புரவு அக்காவுக்கு 99.8 காட்டியது. "எந்திரிச்சதுலேர்ந்தே சூடாத்தான் இருக்கு தம்பி" என்று அவரே காவலரிடம் சொன்னார். திரும்பி நடக்கும்போது என்னைப் பார்த்து, "இன்னிக்குக் கூலி போச்சு மேடம்" என்றார். ஒப்பந்த வேலை, வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அடுத்து என் நெற்றி. 97.6. உள்ளே போய் அறுபது மாணவிகளுக்கு முன்னால் நின்று குறுந்தொகை நடத்தினேன்.

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை செய்துகொண்டேன். தொற்று இல்லை, வெறும் சளிதான். அது என் அதிர்ஷ்டம். நேர்மைக் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது. எனக்குத் தற்செயல் விடுப்பு மிச்சமிருந்தது. வராமல் இருந்தால் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. கூலியை இழக்கப்போகிறவர் உண்மையைச் சொன்னார்; எதையும் இழக்காத நான் மறைத்தேன். ஏன்?

ஆசிரியர் அறையில் "மேடத்துக்கு வந்துடுச்சாம்" என்ற முணுமுணுப்பு எழும் என்ற பயம்தான். அந்தப் பயம் என்னிடம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், நான் பதின்மூன்று வயதில் உட்கார்ந்திருந்த கொல்லைப்புறத் தாழ்வாரம் வருகிறது. தனித் தட்டு, தனிப் பாய், மூன்று நாள். மாதவிலக்குக்கு எங்கள் வீட்டில் இருந்த சொல் 'தூரம்'. என் உடம்பைப் பற்றிய செய்தி, நான் வாய் திறக்காமலே தெருவுக்கெல்லாம் தெரிந்திருந்தது. தொற்றுகிற எதுவும் என்னிடம் இல்லை. இருந்தும் விலக்கி வைத்தார்கள்.

என்னை அங்கே உட்கார வைத்த அதே பாட்டிதான், தம்பிக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகினார். தொற்றுகிற நோய், தள்ளி வைக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தள்ளிவைப்பு வேறு மாதிரி இருந்தது. வீட்டில் தாளிப்பு நின்றது. விருந்தாளியை வேப்பிலையே நிறுத்தியது. இளநீரும் மோரும் அவன் பக்கத்திலேயே இருந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் குறிக்கப்பட்டது; அன்றோடு எல்லாம் முடிந்தது. கொள்ளிடம் தாண்டினால் சமயபுரம். அங்கே மாரியம்மன் பக்தர்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். நோயாளியைப் பட்டினி போடாமல், நோயாளிக்காகத் தான் பட்டினி கிடக்கும் தெய்வம். இதையெல்லாம் நான் பொற்காலமாக்கவில்லை. இராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டு விழித்திருந்தவர் அம்மா. அவருடைய தூக்கத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

பின்னாளில் அரசும் வாசலில் அடையாளம் வைத்தது. 2020இல் தமிழகத்தின் பல இடங்களில் தொற்று கண்ட வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வேப்பிலையை வீட்டார் தாமே செருகினார்கள். தகரத்தை வெளியாள் வந்து அடித்தார். இரண்டும் தொற்றைப் பற்றித்தான் எச்சரித்தன. தகரத்தில் மட்டும் உள்ளே இருப்பவர் மேல் ஒரு தீர்ப்பும் இருந்தது.

தூரத்துக் கதை ஒன்றும் இங்கே உதவும். மேரி மாலன் அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் சமையல் வேலை செய்தவர். தன் உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் டைபாய்டு கிருமியைச் சுமந்தவர். 1907இல் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1910இல் விட்டார்கள். சமையலை விட்டால் கிடைத்தது துணி வெளுக்கும் வேலை. அதில் கூலி குறைவு. வேறு பெயரில் மீண்டும் அடுப்படிக்குப் போனார். 1915இல் அவர் சமைத்த மகப்பேறு மருத்துவமனையில் இருபத்தைந்து பேருக்கு டைபாய்டு கண்டது, இருவர் இறந்தார்கள். மறுபடியும் தீவு; 1938இல் சாகும்வரை அங்கேதான். மேரி செய்தது தவறு; இறந்தவர்களுக்கும் உயிர் ஒன்றுதான். ஆனால் 'சமைக்காதே' என்று சொன்னவர்கள், சமைக்காமல் அவர் எப்படிப் பிழைப்பார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேயில்லை.

நான் பரிசோதனைக்கு எதிரியல்ல. அன்று என் வகுப்பில் இருந்த பல பெண்கள் தாத்தா பாட்டியோடு ஒரே அறையில் படுத்து எழுகிறவர்கள். என் காய்ச்சல் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதைக் கேட்கும் உரிமை வாசலுக்கு உண்டு. கேட்கிற வாசலுக்குக் கடனும் உண்டு என்பதுதான் என் வாதம். திருப்பி அனுப்பப்படுகிறவருக்கு அன்றைய கூலி, மாணவிக்கு வருகைப் பதிவு, எண்ணை உரக்கச் சொல்லாத ஒரு மறைவிடம், மறுநாள் நலம் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்பு. இவை இரக்கத்தில் செய்யும் உபகாரங்கள் அல்ல, பரிசோதனையின் பாகங்கள். அறிகுறி இல்லாத தொற்றை வெப்பமானி காணாது. மாத்திரையில் தணிந்த காய்ச்சலையும் காணாது. கடைசியில் வாசல் நம்பியிருப்பது எங்கள் வாய்ச்சொல்லைத்தான். உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் வாசலில் எத்தனை நாளைக்கு உண்மை வரும்?

இது நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. எச்.ஐ.வி. பரிசோதனையைப் படிப்புக்கோ வேலைக்கோ நிபந்தனையாக்கக் கூடாது என்றும், முடிவின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வகுப்பில் சேர்ந்து உட்கார்வதால் எச்.ஐ.வி. பரவாது, கொரோனா பரவும். அதனால் நெற்றியைக் காட்ட மறுக்கும் உரிமையை நான் கேட்கவில்லை. காட்டியவரின் மானமும் பிழைப்பும் கெடக் கூடாது என்ற அளவை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அக்காவை யாரும் விசாரிக்கவில்லை. நானும்தான். நான்காம் நாள் அவர் வேலைக்கு வந்தபோதுதான், "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"தேவலை மேடம். மூணு நாள் கூலி போச்சு. மாத்திரை போட்டுட்டு வந்தா மிசினுக்குத் தெரியாதாமே? அடுத்த தடவை அப்படித்தான் வரணும்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.