பத்திரமும் பிள்ளையும்

கல்வி எல்லோருக்கும் உரியது என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் எவருமில்லை. மேடைகளில் அது முழங்குகின்றது, சட்டங்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் பாடசாலை வாயில்வரை வந்து திரும்பிச் செல்லும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கவே செய்கின்றனர். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் உரிமை சிலருக்கு மட்டும் எட்டாக் கனியாவது எங்ஙனம்? இவ்வினாவை நாம் ஆற அமரச் சிந்தித்தல் வேண்டும்.

மலைநாட்டுத் தோட்டமொன்றில் வாழும் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். வயது ஆறாகிவிட்டது. தந்தை குடும்பத்தைப் பிரிந்து போய்விட்டான். பிறப்பு உரிய காலத்திற் பதியப்படவில்லை. பாடசாலைக்கு அழைத்துச் சென்றால், “பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே?” என்ற கேள்வி எழுகின்றது. காலந்தாழ்ந்த பிறப்பைப் பதியச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அவ்வழியே நடப்பதற்கு நாளும் பணமும் வேண்டும். பிரதேச செயலகத்துக்குச் செல்லும் தாய்க்கு அன்று பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. இன்னொரு கடிதம் கொண்டுவரச் சொன்னால் மற்றொரு நாளும் போயிற்று. ஆகவே, பத்திரம் இல்லாமைக்குக் காரணம் வறுமை. வறுமையினின்று மீளும் வழி கல்வி. கல்விக்குக் கேட்கப்படுவதோ பத்திரம். இவ்வட்டத்துள் அகப்பட்ட பிள்ளைக்கு வெளியேறும் வாசல் எது?

இந்நிலை வானத்திலிருந்து விழுந்ததன்று. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி இந்நாட்டிற் பிறந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்னருமே. இதற்கிடையில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையோ, பாட்டன் பூட்டன் ஆகிய இருவரின் பிறப்பையோ நிரூபிக்குமாறு தோட்டத் தொழிலாளியைக் கேட்டது. பதிவேடு எட்டிப் பாராத லயங்களிற் பிறந்தவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்க்கப்பட வேண்டியவர் என்று பங்கிட்டது. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்! பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, ஆனால் பத்திரமில்லாத தலைமுறைகளின் வழிவந்த குடும்பங்களிற் சில இன்னும் அதே இடர்ப்பாட்டிற் சிக்கியுள்ளன.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் காணாதிருக்க முடியாது. தொழிலாளி பறிக்கும் கொழுந்தின் நிறை நாள்தோறும் தவறாது பதியப்படுகின்றது. கொழுந்துக்குக் கணக்கு உண்டு. அதைப் பறித்த தாயின் வயிற்றிற் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு இல்லாது போவதேன்? இலாபம் தருவதை எண்ணுவதும், உரிமை கோருவதை எண்ணாது விடுவதும் நமது சமுதாய அமைப்பின் இயல்பல்லவா?

பத்திரம் என்பதுதான் யாது? நிகழ்ந்த ஒன்றுக்குச் சான்று. சான்று நிகழ்ச்சிக்குப் பிந்தியதேயன்றி அதனைப் படைப்பதன்று. பிறந்ததனாற் பத்திரம் உண்டாகின்றது. பத்திரத்தினாற் பிள்ளை பிறப்பதில்லை. கண்முன்னே நிற்கும் பிள்ளையைப் பார்த்து, நீ பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்பது, நிழலைக் காட்டி மனிதனை மெய்ப்பிக்கச் சொல்வதாகும்.

“பத்திரம் கேளாவிடின் ஒழுங்கு குலையாதா? வயது பொய்யாகாதா?” என்று சிலர் வினவுவர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பத்திரம் தேவைதான். தேசிய அடையாள அட்டைக்கும், வயது குறைந்த பிள்ளையை வேலையினின்றும் திருமணத்தினின்றும் காப்பதற்கும் அது வேண்டும். ஆனால் தேவை எனும்போதே, அதைத் தேடித் தரும் கடமை யாருடையது என்ற கேள்வியும் பிறக்கின்றது. பதிவேடும் அலுவலரும் வாகனமும் உடைய அரசாங்கத்தினதா? நாட்சம்பளத்தை இழந்து நடக்கும் தாயினதா? ஆறு வயதுப் பிள்ளையினதா? பிறர் செய்யாது விட்டதற்கு ஒருவரைத் தண்டித்தல் எந்த நீதியிலும் அடங்காது. சுமை, சுமக்கும் வலிமை உடையவர் தோளிலேயே ஏற வேண்டும். ஆதலின் ஒழுங்கை நாம் அழிக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கின்றோம். முதலிற் பிள்ளை வகுப்பில் அமரட்டும்; பத்திரம் பின்னே வரட்டும்.

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிறப்புப் பதிவு அதிற் பிள்ளையின் உரிமை. கல்வியும் பிள்ளையின் உரிமை. ஓர் உரிமை மறுக்கப்பட்டதையே மற்றோர் உரிமையை மறுப்பதற்கு நியாயமாக்குதல் எவ்வளவு விபரீதமானது!

பத்திரம் கேளாமலே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் அதிபர்களும் இருக்கின்றனர். அவர்களுடைய மனிதாபிமானத்தை நாம் போற்றுகின்றோம். ஆயினும் அவ்வதிபர் நாளை இடமாற்றம் பெற்றுச் சென்றால் அடுத்த பிள்ளையின் கதி என்ன? ஒருவரின் இரக்கத்தில் தங்கியிருப்பது உரிமையாகாது, அது சலுகையே. இரக்கமுள்ளவர் இல்லாத இடத்திலும் கிடைப்பதே உரிமை.

வாயில் திறந்தாலும் வறுமை உள்ளே வந்து அமர்கின்றது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்கள் இலவசம். 1993ஆம் ஆண்டு முதல் சீருடைத் துணியும் இலவசம். ஆனால் சப்பாத்து, கொப்பி, பஸ் கட்டணம்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கொப்பி விலை ஏறியபோது எத்தனை வீடுகளில் ஒரு பிள்ளையின் படிப்புக்காக மற்றொரு பிள்ளை வீட்டில் நின்றது! கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. கட்டாயம் என்பது பெற்றோரை மட்டும் கட்டும் கயிறாயின் அது ஏழைக்கு இன்னொரு குற்றச்சாட்டேயாகும். அரசாங்கத்தையும் கட்டும்போதுதான் அது கல்வியாகும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிற் பார்வையாளராக நிற்றல் தகாது. விடுமுறை நாட்களில் லயம் லயமாகச் சென்று பத்திரமற்ற பிள்ளைகளின் பெயர்களை எழுதுவோம். தாய்மாருடன் அலுவலகங்களுக்குச் செல்வோம். பதிவு அலுவலர்கள் சம்பளம் இழக்க நேராத நாளில் தோட்டத்துக்கே வர வேண்டும் என்று சங்கங்கள் வாயிலாகக் கோருவோம். பாடசாலை வாயிலில் நிற்கும் அச்சிறுமி நம்மிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை. தனக்குரிய இடத்தையே கேட்கின்றாள். அதனைக் கொடுக்கும் வரை, கல்வி எல்லோருக்கும் உரியது என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.