கடல் கரிப்பது ஏன்?

கடல்நீர் ஏன் கரிக்கிறது? கரையோரம் நின்று ஒரு கை நீரை அள்ளிச் சுவைத்த குழந்தை கேட்கும் கேள்வி இது. புராணிகர் இதற்கு நெடுங்காலமாகவே ஒரு விடை வைத்திருந்தனர். கடல்கள் ஏழு, அவற்றுள் ஒன்று உப்பு, ஏனையவை கரும்புச்சாறும் கள்ளும் நெய்யும் தயிரும் பாலும் நன்னீரும் நிறைந்தவை! பாற்கடலைக் கண்டவர் யார்? நெய்க்கடலில் கலம் செலுத்தியவர் யார்? கேட்கக்கூடாது, கேட்டவன் நாத்திகன்!

அறிவியல் கூறுவது என்ன? காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து, அதற்கு மெல்லிய அமிலத் தன்மையைத் தருகிறது. அந்நீர் பாறைகளை அரிக்கிறது. கரைந்த உப்புகளை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. எரிமலைகள் கக்கிய வாயுக்களும், கடலடி வெந்நீர் ஊற்றுகளும் தம் பங்கை அளிக்கின்றன. கதிரவன் நீரை ஆவியாக்குகிறான், உப்போ தங்கிவிடுகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வெந்து உழைக்கும் தோழன் நாள்தோறும் கண்ணாரக் காணும் உண்மை இது. இன்று ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது.

"உங்கள் அறிவியலும் தவறியதுண்டே!" என எள்ளுவோர் உண்டு. ஆம், தவறியதுண்டு. நீரில் உப்பு ஏறும் வேகத்தை அளந்தால் உலகின் வயதை அறியலாம் என்றார் எட்மண்ட் ஹாலி, 1715இல். ஆறுகள் கொணரும் சோடியத்தைக் கணக்கிட்டு, 8 கோடி முதல் 9 கோடி ஆண்டுகள் என்றார் ஜான் ஜோலி, 1899இல். பூமியின் வயதோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள்! கடலுக்குள் வரும் உப்பை எண்ணியவர், படிவுகளாகிக் கடலைவிட்டு நீங்கும் உப்பை முழுமையாக எண்ணவில்லை.

அந்தப் பிழையைக் காட்டியது யார்? வானிலிருந்து அசரீரி ஒலித்ததா? ஜோலி தம் கணக்கை உலகறிய வைத்தார். பின்வந்தோர் அதைச் சோதித்தனர், திருத்தினர். நெய்க்கடலுக்குக் கணக்கே இல்லை. எனவே திருத்தமும் இல்லை.

அறம் பற்றிய கேள்வி எழுவது இங்கேதான். சான்று காட்டாமல் நம்பச் சொல்வது, கேட்பவனின் அறிவை இழிவு செய்வதாகும். இந்த அளவுகோல் புராணிகருக்கு மட்டுந்தானா? நமக்கும் உண்டு. மேடையில் கேட்டோம் என்பதற்காகவே ஒரு கருத்தை ஏற்போமாயின், ஏட்டைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியை வணங்குகிறோம், அவ்வளவே! "எப்படித் தெரியும்?" என்று நம்மையே கேட்கும் தம்பியிடம் கணக்கைக் காட்டுவோம், பிழையென அவன் மெய்ப்பித்தால் திருத்திக்கொள்வோம். அவனை முறைத்து அடக்குவோமாயின், நம்மிடமும் ஒரு நெய்க்கடல் இருக்கிறது என்றே பொருள்!