கையேடு கேட்காத கேள்வி

எம்.எஸ்சி. இயற்பியல் படித்த எல்லோரும் ஒரு தடவையாவது நிறமாலைமானி முன் குனிந்து நின்றிருப்போம். இருட்டறை, சோடியம் விளக்கின் மஞ்சள், வெர்னியரில் ஒரு கண், கடிகாரத்தில் ஒரு கண். முப்பட்டகத்தின் கோணம் 60 பாகை வர வேண்டும். வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடலாம். வராவிட்டால்? சீனியரின் பழைய நோட்டு இருக்கவே இருக்கிறது. ஊரறிந்த ரகசியம்தானே!

இதே அளவீட்டைச் சென்னை மாநிலக் கல்லூரியில் செய்துகொண்டிருந்தார் ஒரு மாணவர். ஒளி முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக விழும்போது, தொலைநோக்கியில் தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. கையேடு அதைக் கேட்கவில்லை. மதிப்பெண்ணும் கிடையாது. ஆனாலும் விடாமல் அளந்தார், கட்டுரையாக எழுதினார், லண்டனின் ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சேறியது. எம்.ஏ. தேறியது அதற்கடுத்த ஆண்டுதான். அப்போது 18 வயது. பெயர் சி.வி. ராமன்.

மேடைகளில் நாம் பேசுவதெல்லாம் 1930-இல் வந்த நோபல் பரிசைப் பற்றித்தான். எனக்கென்னவோ அந்த இருட்டறைதான் பெரிதாகத் தெரிகிறது.

முதுகலை மாணவர்களே, அடுத்த முறை விடை சரியாக வந்ததும் விளக்கை அணைத்துவிடாதீர்கள். தொலைநோக்கியை இன்னும் பத்து நிமிடம் திருப்பிப் பாருங்கள்.