பூட்டுத் தொழிலை யார் படிக்க வருவார்கள்?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்க்காரனாக எனக்கு அதில் பெருமைதான். ஆனால் நல்லாம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறைகளில் அதற்குப் பிறகும் புதிதாக ஒரு பையன் அரத்தைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. நூல் மில் இருக்கிறது, திருப்பூர் இருக்கிறது. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம். இங்கே செய்த உருப்படிக்குத்தான் கூலி. அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டின் விலையோடு மோதி அந்தக் கூலி உயரவும் வழியில்லை.

இதை நினைக்கும்போது, தொழில் நின்றுபோன வேறோர் ஊர் எனக்கு ஞாபகம் வருகிறது. வேல்ஸ் நாட்டுக் கடலோரத்தில் நான்ட் குர்த்தெய்ர்ன் என்று ஒரு சிற்றூர். மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே, கருங்கல் குவாரியை நம்பிப் பிழைத்த ஊர். வெட்டிய கல் கப்பலேறிப் போகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு குவாரிகள் நின்றன. சனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, வீடுகள் பாழடைந்தன. கார்ல் க்ளோஸ் என்ற மருத்துவரின் முயற்சியால் ஓர் அறக்கட்டளை 1978இல் அந்த ஊரையே வாங்கியது. வீடுகளைப் பழுதுபார்த்து, 1982இல் வெல்ஷ் மொழி வகுப்பைத் தொடங்கினார்கள். கல்தொழில் திரும்பவில்லை. அதை விட்டுவிட்டு மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். வயதுவந்தவர்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்று துணிந்து முடிவெடுத்திருக்கிறார்களே, அதுதான் என்னைப் பிடித்து உலுக்குகிறது. நம் மாங்காய்ப் பூட்டின் கூட்டை மெஷினில் அடித்தால் எனக்கு வருத்தமில்லை. உள்ளே இருக்கும் லீவர்தான் விஷயம். சாவி ஒவ்வொரு லீவரையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று மயிரிழை ஏறினாலும் திறக்காது. அதற்குத் தோதாகச் சாவியின் பல்லை ராவி ராவிப் பதம் பார்க்கிற கை, வருஷக்கணக்கில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை. அது போனால் பூட்டு இருக்கும், திண்டுக்கல் இருக்காது.

அதற்காக, நம் பெருமையைக் காப்பாற்ற ஒரு பிள்ளை அரைவயிற்றுக் கூலிக்கு உட்காரட்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பட்டறைப் பெரியவர்களைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். படிக்கும் காலத்திலேயே பிள்ளைகளுக்கு ஊதியம் தர வேண்டும். கோயில்களும் அரசு அலுவலகங்களும் இங்கே செய்த பூட்டையே கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பெரியவர்களுக்குக் கண்பார்வை இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும்.